இணைய வளங்களை விவரிக்கும் மீதரவுச் சொற்தொகுதியை எப்படி வடிவமைப்பது?

கேள்வி இதுதான்: ஒரு சிறிய தன்னார்வக் குழு பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன்கள், ஒலிப்பதிவுகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஒரே இணையதளத்தில் சேர்த்துவருகிறது. ஒவ்வொன்றையும் விவரிக்க மெட்டாடேட்டா, அதாவது மீதரவு வேண்டும். அதற்கான சொற்தொகுதியைத் தாங்களே உருவாக்கலாமா? உருவாக்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சுருக்கமான பதில். முழுச் சொற்தொகுதியைப் புதிதாக உருவாக்காதீர்கள். இணைய வளங்களை விவரிக்கவென்றே உருவான டப்ளின் கோர் என்ற பொதுச் சொற்தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு எந்தெந்தப் புலங்கள் (தலைப்பு, தேதி போன்ற தகவல் பெட்டிகள்) வேண்டும், ஒவ்வொன்றையும் எப்படி நிரப்ப வேண்டும் என்று எழுதிவையுங்கள். அதில் அடங்காத சில விஷயங்கள் கட்டாயம் வரும். அவற்றுக்கு வேறு சொற்தொகுதிகளில் தேடிப் பாருங்கள். எங்குமே கிடைக்காததற்கு மட்டும் சொந்தச் சொல்.

இந்த வேலையில் சொற்களைத் தேர்ந்தெடுப்பது எளிய பகுதி. ஒவ்வொரு புலத்தையும் யார் நிரப்பப்போகிறார், நிரப்பும்போது அவர் கண்முன்னால் என்ன இருக்கும், நிரப்புவதால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் கடினமானது. இவற்றுக்குப் பதில் இல்லாத புலம் ஒன்று காலியாகக் கிடக்கும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு விதமாக நிரம்பும். டப்ளின் கோரின் வரலாற்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

1994 அக்டோபரில் சிகாகோவில் நடந்த வலை மாநாட்டில், நூலகத் துறையினர் சிலரும் வலைத் துறையினர் சிலரும் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை அது. வலைப்பக்கங்கள் பெருகிக்கொண்டே போகின்றன, தேடி எடுக்க வழியில்லை என்பது அவர்கள் கவலை. நூலகங்களிடம் அப்போதே மார்க் என்ற பட்டியலிடும் முறை இருந்தது. அது மிக நுணுக்கமானது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் கையாள முடியும். வலையில் எழுதுகிற லட்சக்கணக்கானவர்களிடம் அதைக் கொடுக்க முடியாது. எனவே 1995 மார்ச்சில் நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி, கணினி ஆய்வு மையமான என்சிஎஸ்ஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் என்ற ஊரில் ஒரு பட்டறை நடத்தின. கலந்துகொண்டவர்கள் 52 பேர். பட்டறையின் முடிவில் 13 புலங்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியல் மாறிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் அதில் 'நூலாசிரியர்' என்று இருந்தது. ஓவியமும் ஒளிப்படமும் கணக்கில் வந்தபோது அந்தச் சொல் பொருந்தவில்லை. அது 'படைத்தவர்' ஆயிற்று. 1996இல் படங்களை விவரிப்பது பற்றி ஒரு பட்டறை நடந்தது. எழுத்தாவணமென்றால் உள்ளிருக்கும் சொற்களை வைத்துத் தேடலாம், படத்தில் அது முடியாது. படத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியும் உடனே எழும். அதனால் 'விவரணை', 'உரிமை' என்று இரண்டு புலங்கள் சேர்ந்து 15 ஆயின. தலைப்பு, படைத்தவர், பொருள், விவரணை, பதிப்பாளர், பங்களித்தவர், தேதி, வகை, வடிவம், அடையாளம், மூலம், மொழி, தொடர்பு, எல்லை, உரிமை. 2003இல் இது ஐஎஸ்ஓ 15836 என்ற பன்னாட்டுத் தரமானது. எந்தப் புலமும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் தரலாம் என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள விதி.

பக்கத்தை எழுதியவரே இந்தப் புலங்களையும் நிரப்புவார் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. பக்கத்தை எழுதியவருக்கு அதனால் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நிரப்பியவர்களில் பலர் ஏமாற்றுவதற்காக நிரப்பினார்கள். எச்டிஎம்எல் பக்கங்களின் 'கீவேர்ட்ஸ்' மெட்டா டேக்கில் சம்பந்தமில்லாத சொற்களைக் கொட்டி, தேடலில் மேலே வர முயன்றார்கள். அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது.

அப்படியானால் டப்ளின் கோர் எங்கே வாழ்ந்தது? நிரப்புவதையே வேலையாகக் கொண்டவர்கள் இருந்த இடங்களில்: நூலகங்கள், ஆவணகங்கள், பல்கலைக்கழகக் களஞ்சியங்கள். களஞ்சியங்கள் தங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள 2001இல் வந்த ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை, குறைந்தபட்சம் டப்ளின் கோரிலாவது தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. பொது வலைத்தளங்களில் அது சாதிக்காததை 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற சொற்தொகுதி சாதித்தது. அது வடிவமைப்பில் உயர்ந்தது என்பதால் அல்ல. சமையல் குறிப்புக்கு மீதரவு கொடுத்தால் தேடல் முடிவில் படமும் நட்சத்திர மதிப்பீடும் தெரியும் என்ற பலன் உடனே கைக்கு வந்தது.

சரி, உங்கள் குழுவில் நிரப்பப்போவது யார்? வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்துவைத்து உட்காரும் தன்னார்வலர். அவர் முன்னால் இருப்பது அட்டை, முதல் பக்கம், பொருளடக்கம், கடைசிப் பக்கத்தில் அச்சக விவரம். இவற்றைப் பார்த்து அவர் தயங்காமல் எழுதக்கூடியவை இதழின் பெயர், மலர், இதழ் எண், அச்சிட்ட தேதி, ஆசிரியர், பதிப்பாளர், ஊர், மொழி. கட்டாயப் புலங்களை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'பொருள்' புலத்தை எல்லோரும் சேர்க்க விரும்புவார்கள். ஆனால் ஒரு கட்டுரை சமயமா, இலக்கியமா, வரலாறா என்று தீர்மானிப்பது தனித்திறமை. அதை ஓரிருவர் பின்னால் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கட்டுப்பட்ட பட்டியலிலிருந்து நிரப்புவதே நல்லது. கண்டபடி நிரம்பிய பொருள் புலத்தைவிடக் காலியான பொருள் புலம் மேல்.

இந்த முடிவுகளை எழுதிவைக்கும் ஆவணத்துக்கு அப்ளிகேஷன் புரொஃபைல் என்று பெயர். பிரிட்டனின் யூகோல்ன் நிறுவனத்தைச் சேர்ந்த ரேச்சல் ஹீரி, மஞ்சுளா படேல் இருவரும் 2000ஆம் ஆண்டில் இந்தக் கருத்தைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டாம், வெவ்வேறு சொற்தொகுதிகளிலிருந்து வேண்டியதை எடுத்துக் கலந்து, உங்கள் இடத்துக்கேற்ற விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே சாரம். ஒவ்வொரு புலத்துக்கும் அது எங்கிருந்து வந்த சொல், கட்டாயமா, எத்தனை முறை வரலாம், மதிப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும், ஒரு நல்ல உதாரணம் என்று எழுதுங்கள். அதோடு, அந்தப் புலத்தில் எதை எழுதக்கூடாது என்றும் எழுதுங்கள். மற்ற எல்லா வரிகளையும்விட இந்த ஒரு வரி அதிகம் உதவும்.

இனி, உங்களைப் போன்ற ஆவணகங்களில் தவறாமல் சிக்கல் தரும் இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது தேதி. பதினைந்து புலங்களில் 'தேதி' ஒன்றுதான். 1936இல் அச்சான இதழை 2019இல் ஸ்கேன் செய்து 2021இல் ஏற்றினால் எது தேதி? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் டப்ளின் கோர் பிற்பாடு உருவாக்கிய தேதி, வெளியிட்ட தேதி, டிஜிட்டல் நகல் கிடைக்கத் தொடங்கிய தேதி, மாற்றிய தேதி போன்ற நுண்சொற்களைச் சேர்த்தது. இந்த நுண்சொற்களுக்கு ஒரு நல்ல விதி உண்டு: நுண்மையைக் கழற்றிவிட்டுப் பொதுச்சொல்லாகப் படித்தாலும் பொருள் கெடக்கூடாது. 'வெளியிட்ட தேதி' வெறும் 'தேதி' ஆனாலும் அது தேதிதான், பரவாயில்லை. ஆனால் 'படைத்தவரின் ஊர்' என்று ஒரு நுண்சொல் செய்தீர்கள் என்றால், கழற்றியபின் படைத்தவர் 'மதுரை' ஆகிவிடுவார். நீங்களாகச் சொல் உருவாக்கும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துபாருங்கள். விதியைக் காப்பாற்றினாலும் ஒரு சங்கடம் மிஞ்சும். ஓஏஐ வழியாகப் பதிவை வேறு தளம் அறுவடை செய்யும்போது உங்கள் மூன்று தேதிகளும் மூன்று 'தேதி' வரிகளாகப் போய்ச் சேரும். எது அச்சான ஆண்டு என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. ஆகவே எளிய வடிவில் வெளியே கொடுக்கும்போது அச்சான தேதியை மட்டும் அனுப்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இதழ்களில் இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. பல இதழ்களின் முகப்பில் 'யுவ வருஷம் தை மாதம்' என்றுதான் இருக்கும். ஆண்டுப்பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். யுவ என்பது 1875-76ஆகவும் இருக்கலாம், 1935-36ஆகவும் இருக்கலாம். அச்சகம், ஆசிரியர் பெயர் போன்றவற்றை வைத்து இரண்டாவதுதான் என்று முடிவுசெய்தாலும் வேலை முடியவில்லை. ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. தை மாத இதழ் வந்தது 1936 ஜனவரி-பிப்ரவரியில். அட்டவணையைப் பார்த்து 'யுவ, எனவே 1935' என்று எழுதும் தன்னார்வலர் ஒவ்வொரு தை, மாசி இதழையும் ஒரு வருடம் முன்னால் தள்ளிவிடுவார். ஆகவே இரண்டு புலங்கள் வையுங்கள். ஒன்றில் அச்சில் உள்ளதை உள்ளபடியே படியெடுப்பது. இன்னொன்றில் தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி கணித்த தேதி. உறுதியில்லாத தேதிகளை எழுதவும் முறை உண்டு. 2019இல் வந்த அந்தத் தரத்தின் இரண்டாம் பகுதி, ஐயத்துக்குக் கேள்விக்குறியும், தோராயத்துக்கு அலைக்குறியும், தெரியாத இலக்கத்துக்கு எக்ஸ் எழுத்தும் இட அனுமதிக்கிறது. உள்ளபடி படியெடுத்த புலம் இருந்தால், கணக்கு தப்பானாலும் பின்னால் வருபவர் திருத்த முடியும். அது இல்லாவிட்டால் தப்பு நடந்ததே தெரியாது.

இரண்டாவது, எதை விவரிக்கிறோம் என்பது. டப்ளின் கோரில் ஒரு பதிவு ஒரு பொருளை மட்டுமே விவரிக்க வேண்டும் என்ற கொள்கை உண்டு. மோனாலிசா ஓவியத்தின் ஒளிப்படம் என்றால் படைத்தவர் லியோனார்டோவா, படம் எடுத்தவரா? ஓவியத்துக்கு ஒரு பதிவு, ஒளிப்படத்துக்கு ஒரு பதிவு, இரண்டையும் இணைக்க ஒரு தொடர்பு என்பது கொள்கைப்படி விடை. 'இன்னொன்றின் மாற்று வடிவம்' என்று சொல்ல அதிலேயே சொல் இருக்கிறது. ஆனால் சிறிய குழு ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு பதிவு போடப்போவதில்லை. என் பரிந்துரை: பதிவு மூல இதழைத்தான் விவரிக்கிறது என்று முடிவெடுங்கள். பதிப்பாளர் என்றால் 1936இல் வெளியிட்டவர். உங்கள் ஆவணகம் அல்ல. ஸ்கேன் செய்தவர், ஸ்கேன் செய்த தேதி, கோப்பின் அளவு ஆகியவற்றைத் தனிப் பெயருள்ள புலங்களில் வையுங்கள். தேதி, படைத்தவர், பதிப்பாளர் என்ற மூன்றிலும் அவை கலக்கவே கூடாது. கொள்கையிலிருந்து இது கொஞ்சம் விலகல்தான். ஆனால் எழுதிவைத்து ஒரே சீராகக் கடைப்பிடித்தால், பின்னால் ஒரு நிரல் எழுதி இரண்டு பதிவுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கலந்துபோன பதிவுகளை எந்த நிரலாலும் பிரிக்க முடியாது.

மூன்றாவது பெயர்கள். 'கல்கி' என்று ஒரு புலத்தில் எழுதினால் அது ரா. கிருஷ்ணமூர்த்தியா, 1941இல் அவர் தொடங்கிய இதழா? படிக்கிற மனிதருக்குச் சூழலில் புரியும், கணினிக்குப் புரியாது. அதே மனிதர் வேறு பதிவுகளில் 'ரா. கிருஷ்ணமூர்த்தி', 'கல்கி கிருஷ்ணமூர்த்தி' என்றெல்லாம் வருவார். ஆகவே ஆட்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று வையுங்கள்: ஆளுக்கு ஒரு நிலையான எண், காட்டவேண்டிய பெயர், மற்ற வடிவங்கள், விக்கித்தரவிலோ, நூலகங்களின் பொதுப் பெயர்க்கோப்பான வயாஃபிலோ பதிவு இருந்தால் அதன் எண். இதழ்ப் பதிவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் போதும். அச்சில் கண்ட வடிவத்தையும் ஓரமாகப் பதிந்துகொள்ளுங்கள். புனைபெயர் ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் கொண்ட படிவத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் தகப்பனார் பெயர் அல்லது ஊர்ப்பெயர். அதைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் திணித்தால் ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் திணிப்பார்கள்.

'எல்லை' புலத்தைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். உள்ளடக்கம் பேசும் இடத்தையும் காலத்தையும் ஒரே புலத்தில் போட்டது நல்ல முடிவல்ல. பிறகு இடம், காலம் என்று இரண்டு நுண்சொற்கள் வந்தன, அவற்றையே பயன்படுத்துங்கள். அச்சான ஊரை இதில் எழுதக்கூடாது. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், ரங்கூன் என்று பல ஊர்களில் தமிழ் இதழ்கள் வந்திருக்கின்றன, அந்தத் தகவல் உங்களுக்கு முக்கியம். டப்ளின் கோரில் பதிப்பிடத்துக்குச் சொல்லே இல்லை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் வெளியிட்டுள்ள ரிலேட்டர் சொற்பட்டியலில் (ஒரு படைப்போடு ஆட்களுக்கும் இடங்களுக்கும் உள்ள தொடர்பைக் குறிக்கும் சொற்கள்) இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். மலர் எண், இதழ் எண் இரண்டும் ஸ்கீமா.ஆர்க்கில் இருக்கின்றன. இப்படித் தேடினால் 'அச்சில் உள்ளபடி தேதி' போல ஒன்றிரண்டுதான் நீங்களே உருவாக்கவேண்டியதாக மிஞ்சும்.

அந்த ஒன்றிரண்டை உருவாக்கும்போது கவனிக்கவேண்டியவை இரண்டு. இத்தகைய சொற்களைக் கணினிக்குப் புரியும்படி வரையறுக்கும் ஆர்டிஎஃப் முறையில், ஒரு பண்புக்கு (புலத்துக்கு அங்குள்ள பெயர்) டொமைன், அதாவது அது எவ்வகைப் பொருளை விவரிக்கும் என்பதையும், ரேஞ்ச், அதாவது அதன் மதிப்பு எவ்வகையானது என்பதையும் அறிவிக்க முடியும். 'இந்தப் பண்பு இதழ்களுக்கு மட்டும்' என்ற கட்டுப்பாடாகப் பலர் இதை நினைக்கிறார்கள். அது கட்டுப்பாடு அல்ல, அனுமானம். டொமைன் 'இதழ்' என்று அறிவித்த பண்பை யாராவது ஓர் ஒலிப்பதிவுக்குப் போட்டால் கணினி பிழை காட்டாது. அந்த ஒலிப்பதிவும் ஓர் இதழ் என்று முடிவுகட்டும். ஸ்கீமா.ஆர்க் இதைத் தவிர்த்து 'இவற்றுக்குப் பயன்படும்' என்று தளர்வாகவே சொல்கிறது. டப்ளின் கோரும் 2020இல் தன் சொற்கள் சிலவற்றை அப்படித் தளர்த்தியது. எனவே உங்கள் சொற்களுக்கு டொமைன் அறிவிக்காமல் விடுங்கள். பதிவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது வேறு வேலை. அதற்கு, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2017இல் வந்த ஷாக்கல் என்ற சோதனை மொழி இருக்கிறது. அது வேண்டாம் என்றால் உங்கள் பதிவேற்றும் படிவத்திலேயே சோதனை வைத்துவிடலாம்.

இன்னொன்று முகவரி. ஒவ்வொரு சொல்லுக்கும் நிலையான ஒரு யூஆர்ஐ, அதாவது அதை மட்டுமே சுட்டும் இணைய முகவரி வேண்டும். அதில் பதிப்பு எண் போடாதீர்கள். பழைய 15 டப்ளின் கோர் புலங்களின் முகவரியில் 1.1 என்று இருக்கிறது. ஆட்களையும் உறவுகளையும் விவரிக்கும் ஃபோஃப் சொற்தொகுதியின் முகவரியில் 0.1 என்று இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியபின் மாற்ற வழியில்லாமல் இன்றுவரை அப்படியே நிற்கின்றன. உங்கள் இணையதளத்தின் பெயரையும் (இதையும் டொமைன் என்பார்கள், மேலே சொன்னது வேறு) நேரடியாக நம்பாதீர்கள். ஒருவர் பணம் கட்ட மறந்தால் சொற்தொகுதியே மறைந்துவிடும். டப்ளின் கோர் தன் முகவரிகளை பர்ல் என்ற திசைதிருப்பும் சேவையில் வைத்தது. அந்தச் சேவை 2016இல் ஓசிஎல்சியிடமிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவுக்குக் கைமாறியபோதும் முகவரி மாறவில்லை. உங்களுக்கு டபிள்யூ3ஐடி என்ற இலவசச் சேவை போதும். தளம் இடம் மாறினால் திசைதிருப்பலை மட்டும் மாற்றுவீர்கள்.

சொல்லின் முகவரி எந்த எழுத்தில் இருந்தாலும், பயனர் பார்ப்பது அதன் பெயர்ச்சீட்டைத்தான். விக்கித்தரவில் ஆசிரியர் என்ற பண்பு பி50 மட்டுமே; ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மொழியில் அதன் பெயரைக் காண்கிறார்கள். உங்கள் படிவமும் முழுக்கத் தமிழில் இருக்கலாம். மொழிப் புலத்தில் மட்டும் 'தமிழ்' என்று எழுதாமல், அதற்குரிய ஈரெழுத்துக் குறியீட்டை இடுங்கள். கணினி அதைக் காட்டும்போது தமிழாக்கிக்கொள்ளும்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை. வெவ்வேறு விதமான இருபது ஆவணங்களை எடுத்து, இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் வழிகாட்டியை மட்டும் பார்த்து நிரப்பட்டும். பிறகு ஒப்பிடுங்கள். வேறுபடும் புலத்தில் குறை அவர்களிடம் இல்லை, உங்கள் விளக்கத்தில்தான். அதைத் திருத்தி, வேறு இரண்டு பேரிடம் கொடுங்கள். மாதக்கணக்கில் விவாதித்து எழுதும் விளக்கங்களைவிட இந்த ஒரு மாலை நேர வேலை அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அப்புறம், வெளியிட்ட சொல்லின் பொருளை மாற்றாதீர்கள். பொருள் மாறவேண்டும் என்றால் புதிய சொல் சேருங்கள்; பழையதை 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்று குறியிட்டு, தேதியோடு அங்கேயே விட்டுவையுங்கள். 2008இல் டப்ளின் கோர் இதைத்தான் செய்தது. 'படைத்தவர்' புலத்தில் வெறும் பெயர் வராமல் ஓர் ஆளையோ அமைப்பையோ சுட்டவேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே வெறும் பெயர்களாக நிரம்பியிருந்த பழைய பதினைந்தையும் தொடாமல், அதே பெயர்களில் இன்னொரு பெயர்வெளியில், அதாவது வேறு முகவரித் தொடக்கத்தின் கீழ், புதிய பதினைந்தை உருவாக்கியது. அதனால்தான் இன்று எங்கு பார்த்தாலும் இரண்டு 'படைத்தவர்' தெரிகிறார்கள். நீங்கள் ஆட்களுக்கான கோப்பு வைத்து எண்ணைச் சுட்டப்போகிறீர்கள் என்றால் புதிய பெயர்வெளியில் உள்ளதை எடுங்கள். அந்தக் கோப்பு தயாராகும்வரை பெயரை வெறும் எழுத்தாகத்தான் தர முடியும் என்றால் பழைய பதினைந்தில் உள்ளதை எடுங்கள். எதை எடுத்தீர்கள் என்பதை வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.